கோரியவர் கோலமும் தைத்தவர் கையும்: ஐரோப்பியச் சந்தைக்கான சீனப் பூத்தையற் பட்டு பற்றி மன்னார்க் கரையிலிருந்து ஒரு நோக்கு

கலைப்பொருளொன்றை மதிப்பிடப் புகுவோர் அது யாருக்காகப் படைக்கப்பட்டது என்று வினவுதல் வேண்டும் என்பது முற்போக்குத் திறனாய்வு எமக்குக் கற்றுத்தந்த முதற் பாடங்களுள் ஒன்றாகும். இலக்கியத் துறையில் இவ்வினா பெரும்பயன் விளைத்துள்ளது. அரசவைக்காகப் பாடப்பட்டவற்றையும் மக்களிடையே பாடப்பட்டவற்றையும் வேறுபடுத்திக் காண்பதற்கு அதுவே எமக்கு வழிகாட்டிற்று. ஆயின் கைவினைப் பொருள்களைப் பொறுத்தவரையில், சிறப்பாக அந்நியர் கட்டளைக்கிணங்கச் செய்யப்பட்டு அந்நிய நாட்டுக்கே அனுப்பப்பட்ட பொருள்களைப் பொறுத்தவரையில், இவ்வொரு வினா போதுமா என்பது ஆராயத்தக்கது. பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை சீனத்துக் கைவினைஞர் ஐரோப்பியர் வாங்குவதற்கெனத் தைத்தளித்த பூத்தையற் பட்டுகளை இவ்வினாவுக்கு உரைகல்லாகக் கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருளை மன்னார்த் தீவின் பேசாலையிலிருந்து ஏன் நோக்குதல் வேண்டும் என்ற ஐயம் எழுதல் இயல்பு. சீனத்திலிருந்து கோவைக்கும் லிஸ்பனுக்கும் பட்டேற்றிச் சென்ற பெருங்கப்பல்கள் இலங்கையின் தென்கரையைச் சுற்றியே சென்றன. மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட ஆழமற்ற கடல் அவற்றுக்கு இடங்கொடாது. ஆகவே அப்பட்டுகள் இங்கு இறங்கின என நாம் வாதிக்க வரவில்லை. அந்நியச் சந்தைக்குப் பொருள் ஈந்த கரை எவ்வாறு வாழ்ந்தது, அந்நியக் கதையொன்றைத் தனதாக்கிக்கொண்ட ஊர் எவ்வாறு கலை செய்தது என்னும் இரண்டையும் ஒருங்கே காண்பதற்கு இக்கரை இடந்தருகிறது. சீனப் பூத்தையலை விளங்கிக்கொள்வதற்கு இவ்விரு செய்திகளும் வேண்டப்படுவன.

1. காணிக்கையாக வந்த பட்டு

ஐரோப்பியர் வருகைக்கு முன்னரே சீனப் பட்டு எமது கடல்களுக்குப் பழக்கமானது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடற் பெரிப்புளூசு’ சீனப்பட்டு கங்கை வழியாகத் தமிழகத்து மேலைக்கரைத் துறைகளை அடைந்தமையைக் குறிப்பிடுகின்றது. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மஸ், சீனத்திலிருந்து பட்டும், பிற கீழைத் தேயங்களிலிருந்து அகில், கராம்பு, சந்தனம் ஆகியனவும் இலங்கைக்கு வந்து இங்கிருந்து மேலைத்துறைகளுக்குச் சென்றன என்கிறார். மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் அமைந்த மாதோட்டத்தில் 1980களின் முற்பகுதியில் நடைபெற்ற அகழாய்வுகள் சீன மட்கலங்களை வெளிக்கொணர்ந்தன. மட்கலம் உடைந்தாலும் ஓடாக எஞ்சும். பட்டோ மண்ணில் மக்கி மறையும். மாதோட்டத்து மண்ணில் பட்டைத் தேடுதல் வீண் எனினும், ஓடுகள் வந்த வழியே அதுவும் வந்திருத்தல் கூடும் என்பதை மறுத்தற்கில்லை.

ஐயத்துக்கு இடமற்ற சான்று காலியிலே கிடைத்தது. 1911இல் அந்நகரிற் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள மும்மொழிக் கல்வெட்டு, சீனப் பேரரசரின் ஆணைப்படி கடற்பயணம் மேற்கொண்ட செங் ஹோவுடன் தொடர்புடையது; 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இசுலாமிய இறைவனையும் போற்றி, அளிக்கப்பட்ட காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றன. சீனப் பகுதியின் பட்டியலில் பொன், வெள்ளி ஆகியவற்றோடு பலநிறப் பட்டுச் சுருள்கள் ஐம்பதும், பொன்னிழை வேலைப்பாடு செய்த கொடிகளும் இடம்பெறுகின்றன.

இக்கல்வெட்டு எமக்குத் தரும் செய்தி இரு வகைப்பட்டது. முதலாவது, சீனத்துப் பூத்தையல் வெளிநாடு சென்றதற்கு ஐரோப்பியச் சந்தை மட்டும் காரணமன்று. இரண்டாவது, அது சென்ற முறை வேறுபட்டது. 1409இல் அப்பட்டு பேரரசின் பெருமையை எடுத்துச்சென்ற காணிக்கை. கொடியில் என்ன கோலம் அமைதல் வேண்டும் என்று பெற்றவர் கட்டளையிடவில்லை. நூற்றைம்பது ஆண்டு கழிந்த பின்னர் கோலத்தைத் தீர்மானிக்கும் உரிமை கொள்வோன் கைக்கு மாறியது. நாம் ஆராயும் பட்டு இம்மாற்றத்தின் விளைபொருள் ஆகும்.

2. கட்டளைக்குத் தைத்த கை

போர்த்துக்கேயர் 1557 அளவில் மக்காவோவில் நிலைகொண்டனர். எசுப்பானியர் 1571இல் மணிலாவைத் தமது தலைநகராக்கினர். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிக்கோவின் அக்கபுல்கோவுக்குமிடையே ஓடிய கப்பல்கள் அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளியைக் கீழைத்தேயத்துக்கும் சீனப்பட்டை மேலைத்தேயத்துக்கும் கொண்டுசென்றன. பொத்தோசி மலையில் வெள்ளி தோண்டிய அமெரிக்கப் பழங்குடியினரும், தென்சீனத்தில் ஊசி பிடித்தவரும் ஒருவரையொருவர் அறியார். ஒருவர் உழைப்பு மற்றவர் உழைப்பின் விலையாயிற்று.

இவ்வாணிகத்தின் தன்மையை உணர்த்தும் சான்றொன்று உண்டு. மணிலாவின் முதல் ஆயரான தோமிங்கோ டி சலசார் 1590இல் தம் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், நகரின் பரியான் பகுதியில் வாழ்ந்த சீனக் கைவினைஞரைப் பற்றி வியந்து எழுதுகிறார். எசுப்பானியப் பொருளைக் கண்ட அளவில் அதனினும் அழகாக அவர்கள் செய்தனர் என்கிறார். அவற்றின் விலையைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது எனுமளவுக்கு அவை மலிவாயிருந்தன என்பதையும் மறைத்தாரல்லர். திறனை வியத்தலும் கூலியை நினைத்து நாணுதலும் ஒரே கடிதத்தில் அமைந்துள்ளமை கவனிக்கத்தக்கது. ஆயினும் அந்நாணம் விலையை உயர்த்தியதாகத் தெரியவில்லை.

இக்காலப் பொருள்களுள் இரண்டினை எடுத்துக்கொள்வோம். ஒன்று, இரட்டைத் தலைக் கழுகினை நடுவே கொண்ட படுக்கை விரிப்புகள். முடிசூடிய இக்கழுகு ஹப்சுபேக் அரச குடும்பத்தின் சின்னம். அகுஸ்தீன் சபைத் துறவியரும் அதனைத் தம் அடையாளமாகக் கொண்டிருந்தனர். தைத்தவருக்கு அக்கழுகு எப்பொருளும் தராதது. அதனைச் சூழ்ந்து நிற்கும் பூக்களும் பறவைகளும் அவர் பிறந்து வளர்ந்த மரபிலிருந்து வந்தவை. சின்னத்தைக் கட்டளையிட்டவர் சின்னத்தைச் சூழ்ந்த வெளியைப் பெரிதும் கருத்திற் கொள்ளவில்லை. அவ்வெளியிலே தையற்காரரின் மரபு தனக்கு இடந் தேடிக்கொண்டது.

மற்றொன்று, நியூயோர்க் மெட்ரோபோலிற்றன் அருங்காட்சியகத்தில் உள்ள தொங்கற் சீலை. திரோய் நகரக் கதையைக் காட்டும் தொகுதியொன்றைச் சேர்ந்த இது, ஹெலன் கவர்ந்து செல்லப்படும் நிகழ்ச்சியைச் சித்திரிக்கின்றது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பாதியில் போர்த்துக்கேயச் சந்தைக்கெனச் சீனத்தில் செய்யப்பட்டது. பருத்தித் துணிமீது பட்டுநூலாலும் பொன்முலாமிட்ட தாளைச் சுற்றிய இழையாலும் தைக்கப்பட்டது. மாந்தரின் உடலும் முகமும் தைக்கப்படாமல் வண்ணத்தால் தீட்டப்பட்டுள்ளன. ஆடை, கவசம், கடல் ஆகியவற்றை ஊசிக்கு விட்டு, ஐரோப்பிய முகத்தைத் தூரிகைக்கு ஒதுக்கிய இவ்வேலைப் பிரிவு பொருள் பொதிந்தது. வாங்குவோன் தன் முகத்தைத் தான் அறிந்த முறையிலேயே காண விரும்பினான் எனக் கொள்ளலாம். ஆடையும் அலையும் எம்முறையில் அமையினும் அவனுக்குத் தடையில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தொழிலின் மையம் கன்ரன் நகருக்கு மாறியது. 1757 முதல் 1842 வரை மேலைநாட்டவருக்கு அந்நகரே சீனத்தின் ஒரே கடல்வாயில். அங்கும் நகர்மதிலுக்குப் புறத்தே ஆற்றங்கரைப் பண்டசாலைகளில் மட்டுமே அவர்கள் தங்கலாம். கும்பனிகளின் முதற்சரக்கு தேயிலை. பூத்தையற் சீலைகளோ பெரும்பாலும் கப்பல் அலுவலர் தம் சொந்தக் கணக்கில் கடைத்தெருவில் வாங்கியவை. குவாங்துங் மரபில் விற்பனைக்கெனத் தைத்தவருள் ஆடவர் மிகுதி. பூத்தையல் பெண்டிரின் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்ற பொதுக்கருத்து இங்குப் பொருந்தாது. அது கூலித்தொழில், கைவினைஞர் சங்கம் கொண்ட தொழில்.

அத்தொழிலின் நுட்பம் சிறிது விளக்கத்தக்கது. முறுக்கேறாத பட்டிழையை இதழின் ஓரத்திலிருந்து உள்நோக்கி நெருக்கமாக இட்டு நிரப்புவது ஒரு முறை. இழை கிடக்கும் திசை மாறுந்தோறும் ஒளி வேறுபட்டுத் தெறிப்பதால் ஒரே நிறம் பல நிறமாய்த் தோன்றும். நுண்முடிச்சுகளை மணல்போல் பரப்பிப் பூவின் நடுவை உயர்த்திக் காட்டுவது மற்றொரு முறை. பொன்னிழையைத் துணிக்குள் செலுத்தினால் அதன் தாள் கிழியும். ஆகையால் அதனைத் துணியின்மேல் கிடத்தி, மெல்லிய பட்டுநூலாற் சிறுசிறு இடைவெளியிற் பிணைப்பர். இத்தாட் பொன்னிழையும், ஐரோப்பியத் தறிப்பட்டினும் அகன்ற துணியின் அகலமும், அதன் ஓரங்களில் தறிக்கோல் குத்திய துளைகளும் இன்றைய ஆய்வாளருக்குச் சீன வேலையை இனங்காட்டும் அடையாளங்கள். ஒப்பமிட வாய்ப்பற்றவர் தம் கருவியின் தழும்பையே ஒப்பமாக விட்டுச்சென்றனர்.

3. மூன்று மதிப்பீடுகள்

இப்பொருள்கள் பற்றி நிலவும் மதிப்பீடுகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது தூய்மைவாதம். இதன்படி உண்மையான சீனக்கலை சீன அரசவைக்கும் அறிஞர்க்கும் உரியது; ஏற்றுமதிப் பொருள் அதன் சீரழிவு. எம் நாட்டில் இத்தகைய நோக்கின் மிகச் சிறந்த உருவத்தை ஆனந்த குமாரசுவாமியிடம் காண்கிறோம். 1908இல் வெளிவந்த அவருடைய ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ கண்டிய மரபுக் கைவினைஞரின் வாழ்வையும் தொழிலையும் மதித்து எழுதப்பட்ட அரிய நூல். வாணிக நாகரிகம் கைவினையை எவ்வாறு சிதைத்தது என்று அவர் காட்டியது இன்றும் ஏற்கத்தக்கதே. படைப்போனும் பயன்கொள்வோனும் ஒரே நம்பிக்கையுலகில் வாழ்ந்தபோது கலை முழுமை பெற்றது என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. அவ்வளவுகோலை நீட்டினால் கன்ரன் தையற்காரர் கலைஞர் என்னும் பெயருக்கே உரியராகார். உலகம் இரண்டாகப் பிளந்த பின்னர், அப்பிளவின் இடையே நின்று வேலை செய்தவரின் திறனை அளக்க அவ்வளவுகோல் உதவாது. மேலும், பழைய ஒருமையுலகிற் கைவினைஞர் சாதிக் கட்டுப்பாட்டுக்கும் ஊழியக் கடமைக்கும் உட்பட்டிருந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இரண்டாவது சேகரிப்போர் மதிப்பீடு. இவர்களுக்கு இப்பொருள் ஐரோப்பியச் சுவையின் வரலாற்றில் ஓர் அத்தியாயம். எந்த அரண்மனையில் தொங்கியது, எந்தச் சீமாட்டி உடுத்தாள், எந்த ஏலத்தில் என்ன விலை பெற்றது என்பனவே ஆராயப்படும். உடைமையாளர் வரிசை தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டிருக்கும். வரிசையின் முதலிடத்தில், தைத்தவர் இருக்கவேண்டிய இடத்தில், ‘சீனம்’ என்னும் நாட்டுப்பெயர் மட்டும் நிற்கும்.

மூன்றாவது எம்மவரிடையே தோன்றக்கூடியது. ஆகவே கூடுதலான கவனத்துக்குரியது. ஏற்றுமதிப் பொருள் ஒரு பண்டம். பண்டத்தின் உருவைச் சந்தை தீர்மானிக்கிறது. ஆகவே அதில் காணத்தக்கது வாங்கிய வர்க்கத்தின் சுவையே என முடித்துவிடும் இயந்திரப் பாங்கான சமூகவியல் அது. பண்டம் தன்னைப் படைத்த உழைப்பை மறைத்து நிற்கும் மாயத்தை மார்க்ஸ் 1867இல் எடுத்துக்காட்டியது அம்மறைப்பை நீக்குவதற்காகவே. பண்டம் என்று சொல்லி நிறுத்திவிடும் திறனாய்வு மறைப்புக்குத் துணைபோகின்றது.

மூன்று நோக்குகளும் ஒன்றையொன்று மறுப்பன. எனினும் தைத்த கையைக் காணாமை மூன்றுக்கும் பொது. சிலப்பதிகாரம் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரை வருணிக்குமிடத்துப் பட்டிலும் மயிரிலும் பருத்தியிலும் தொழில் செய்த காருகரின் இருப்பிடத்தையும், துன்னகாரரையும் சேர்த்தே சொல்கிறது. நகரின் சிறப்பைப் பாடவந்த காப்பியம் தொழிலாளர் தெருக்களை விட்டுவிடவில்லை. திறனாய்வு அதனினும் குறைவாகச் செய்தல் தகுமா?

4. சாயவேரும் பூமரமும்

சீனப் பூத்தையலின் கோலங்களுள் எமக்கு மிக நெருங்கியது பூமரம். சிறு குன்றில் வேரூன்றி வளைந்தெழும் ஒரு மரம்; ஒரே மரத்திற் பலவகைப் பூக்கள்; கிளைகளிற் பறவைகள். சோழமண்டலக் கரையிற் பலம்போர் என வழங்கிய சீட்டி விரிப்புகளிலும், குசராத்துப் பூத்தையலிலும், கன்ரன் பட்டிலும் இம்மரம் நிற்கின்றது. இது இந்தியாவுக்கு உரியதா, சீனத்துக்கா, ஆங்கிலேயர்க்கா என்பது நெடுநாள் வழக்கு. ஜோன் இர்வின், கதரின் பிரெற் ஆகியோர் 1970இல் வெளியிட்ட சீட்டி பற்றிய நூல் இம்மரம் பலநாட்டுக் கலப்பில் உருவானது என்பதைத் தெளிவுறுத்தியது. ஆங்கிலேயர் அனுப்பிய மாதிரிகளிலேயே கீழைத்தேயச் சாயல் இருந்தது. அதனை இந்தியக் கைவினைஞர் தம் முறையில் வரைய, அது மேலைநாட்டிற் புகழ்பெற்றுச் சீனத்தவர்க்கும் மாதிரியாயிற்று.

இங்கு 1643ஆம் ஆண்டுக் கடிதமொன்று குறிப்பிடத்தக்கது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பனியின் இலண்டன் இயக்குநர் சூரத்திலிருந்த தம் முகவர்க்கு எழுதியது அது. வந்து சேர்ந்த விரிப்புகளின் மங்கிய செந்நிறத் தரை இங்கு விரும்பப்படவில்லை. இனி வெண்ணிறத் தரை மிகுதல் வேண்டும். நடுவில் அமையும் பூவும் கிளையும் வண்ணத்தில் வரைவோன் விருப்பப்படி அமையலாம் என்பது அதன் கருத்து. கட்டளையின் நடுவே ஒரு சலுகை. தரையின் நிறம் வணிகன் முடிவு. மரத்தின் வளைவு கைவினைஞன் முடிவு. வணிகன் கொடுத்த சிறிய இடத்தில் எழுந்த மரமே மூன்று கண்டங்களிலும் பரவியது. ‘யாருக்காக’ என்று மட்டும் வினவின் வெண்ணிறத் தரை விளங்கும்; மரம் விளங்காது.

சீட்டியின் வரலாற்றில் மன்னாருக்கு நேரடிப் பங்குண்டு. சோழமண்டலச் சிவப்பின் மூலம் சாயவேர். படிகாரமூட்டிய பருத்தியில் இவ்வேரின் சாயம் கழுவக் கழுவப் பொலிவுறும் செம்மையாகப் பற்றும். மன்னார், யாழ்ப்பாணம், வன்னி ஆகிய பகுதிகளின் மணற்பாங்கான நிலத்தில் இவ்வேர் அகழப்பட்டது. ஒல்லாந்தர் அதனை அரச வருவாய்ப் பொருளாக்கிக் குத்தகைக்கு விட்டனர். ஆங்கிலேயரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அம்முறையைத் தொடர்ந்தனர். அகழ்தல் குறிப்பிட்ட சாதியார்மீது கடமையாகச் சுமத்தப்பட்டது. வளைகுடாவின் முத்துக்குப் பாடலும் புகழும் உண்டு. அதே கரையில் குனிந்து வேரகழ்ந்தவர்க்கு அவை இல்லை. புதுச்சேரியில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி கேர்தூ, சீட்டிக்குச் சாயமூட்டும் முறைகளைத் தொழிலறிந்தவரிடம் கேட்டறிந்து 1742இல் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் சாயவேரின் பயனும் விளக்கப்பட்டுள்ளது. கேட்டெழுதியவர் பெயராலேயே அக்கடிதம் இன்றும் வழங்குகின்றது.

இச்சந்தை உழைப்பாளரை உழைப்பாளருக்கு எதிராக நிறுத்தியதும் உண்டு. கீழைநாட்டுத் துணி தம் பிழைப்பைக் கெடுக்கிறது என்று வெகுண்ட இலண்டன் பட்டு நெசவாளர் 1697இல் கும்பனியின் மாளிகையைத் தாக்கினர். சீன, பாரசீக, இந்தியப் பட்டுகளையும் சாயச் சீலைகளையும் நாட்டினுள் உடுத்தலைத் தடைசெய்து 1700இல் ஆங்கிலப் பாராளுமன்றம் சட்டமியற்றிற்று. எனினும் அவற்றை இறக்கிப் பிறநாடுகளுக்கு விற்கும் உரிமை வணிகர்க்கு இருந்தது. நெசவாளர் சினம் சட்டமாயிற்று. ஆதாயம் வணிகரை விட்டு நீங்கவில்லை.

5. ஹெலனும் உடக்கும்

பேசாலைக்கு வருவோம். 1560இல் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். ஆட்சி அகன்றபோதும் கத்தோலிக்க சமயம் இக்கரை மீனவரிடையே நிலைத்தது. உருவங்களைக்கொண்டு இயேசுவின் பாடுகளைக் காட்டும் உடக்குப் பாஸ் மரபுக்குப் பேசாலை பெயர்பெற்றது. இதன் கதை இவ்வூரிற் பிறந்ததன்று. அதனைத் தமிழிற் சொல்ல உதவியவருள் முதன்மையானவரான யாக்கோமே கொன்சால்வெஸ் கோவையிலிருந்து 1705இல் இலங்கை வந்த கொங்கணியர். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் ஒப்பாரியின் உருக்கத்தோடு வாசிக்கப்பட்டு வந்தது.

ஹெலன் சீலையையும் உடக்குப் பாஸையும் அருகருகே வைத்து நோக்கின் எமது வினா கூர்மையடைகின்றது. இரண்டிலும் கதை மேற்கிலிருந்து வந்தது. இரண்டிலும் போர்த்துக்கேயத் தொடர்பு உண்டு. இரண்டிலும் உள்ளூர்க் கையும் மரபும் அந்நியக் கதையை உருமாற்றின. ஆயின் பேசாலையில் உருவத்தைத் தூக்குபவரும் பார்த்து அழுபவரும் ஓரூரவர். மகனை இழந்த தாயின் துயரம் கடலில் உறவினரை இழந்த குடும்பங்களுக்குப் புறக்கதையாகாது. ஆகவே அக்கதை தமதாயிற்று. மக்காவோவிலோ கன்ரனிலோ தைத்தவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஹெலன் யாரென்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய தேவையுமில்லை. தைத்து முடித்த சீலை கப்பலேறியபின் அதனைக் கண்டோர் என்ன உணர்ந்தனர் என்பது அவர் காதுக்கு எட்டப்போவதில்லை.

கலைஞனுக்கும் காண்போனுக்கும் இடைப்பட்ட உறவு அறுந்த நிலை என நாம் சொல்வது இதனையே. குமாரசுவாமி கண்ட குறை இங்கே உண்மைதான். அவ்வறுந்த நிலையிலும் கைவினைஞர் தம் வேலையை வெறும் நகலாக விட்டாரல்லர் என்பது அவர் கணக்கில் வராதது. கதையின் பொருள் மறுக்கப்பட்டவர் தம் கருத்தை அலையின் சுழியிலும் இதழின் ஒளியிலும் செலுத்தினர். உள்ளடக்கத்தில் உரிமை இழந்தவரின் படைப்பாற்றல் நுட்பத்தில் ஒதுங்கியது எனலாம். அவ்வாறு ஒதுங்கியதே அப்பட்டின் அழகுக்கும் அதன் குறைக்கும் ஒருங்கே காரணம். அளவிறந்த நுட்பமும், நடுவே ஒரு வெறுமையும் பல சீலைகளில் சேர்ந்து காணப்படுவது இதனாலேயே.

6. மணிலாச் சால்வை

இவ்வெறுமையை நிரப்பும் ஆற்றல் சிலவேளை வாங்கியோரிடமிருந்தே வந்தமையும் கூறத்தக்கது. எசுப்பானியர் மணிலாச் சால்வை என அழைத்த பூத்தையற் சால்வை மணிலாவிற் பிறந்ததன்று. கன்ரனிற் தைக்கப்பட்டு மணிலா வழி சென்றது. வாங்குவோர் விருப்பிற்கேற்ப அதில் ரோசாப்பூ பெருகியது. செவீலியா நாட்டுப்புறப் பெண்கள் அதன் ஓரத்தில் நீண்ட குஞ்சங்களை முடிச்சிட்டுப் பின்னிச் சேர்த்தனர். வலைமுடிச்சை அறிந்த எந்தப் பேசாலையாரும் அக்குஞ்சத்தின் பின்னலை எளிதில் இனங்காண்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சால்வை சீமாட்டியர் தோளிலிருந்து இறங்கி, செவீலியாப் புகையிலைத் தொழிற்சாலைப் பெண்களின் விழாவுடையாகவும் பிளமெங்கோ ஆட்டத்தின் அணியாகவும் மாறியது. உழைக்கும் பெண்கள் அதனைத் தமதாக்கியபோது, பண்டமாகப் பிறந்த பொருள் ஒரு மக்கட் கூட்டத்தின் அடையாளமாயிற்று. தைத்தவரும் உடுத்தவரும் தொழிலாளர். இடையிலிருந்த கடலையும் வணிகனையும் தாண்டி அவர்கள் சந்திக்கவில்லை என்பதே வரலாற்றின் முரண்.

இதே காலத்தில் பம்பாய்ப் பார்சி வணிகர் கன்ரனில் வாங்கிய பூத்தையற் பட்டுகள் அவர்தம் மகளிர் உடுக்கும் காரா சேலைகளாயின. அவ்வழகிய சேலைகளின் பின்னே அபினி வாணிகம் நிற்கின்றது. இந்திய உழவர் பயிரிட்ட அபினியைச் சீனத்தில் விற்று அதன் ஊதியத்தில் பட்டும் தேயிலையும் கொள்ளப்பட்டன. பழைய வெள்ளியின் இடத்தை நஞ்சு பிடித்தது. 1839 முதல் 1842 வரை நடந்த அபினிப் போரின் முடிவில் கன்ரனின் தனியுரிமையும் அற்றது. பூக்களின் மென்மையைப் பேசும் நூல்கள் இதனைப் பேசுவது அரிது.

7. எமக்குரிய வினா

இதுவரை கூறியவற்றால் ‘யாருக்காக’ என்னும் வினா தவறென்று பெறப்படாது. அது தொடக்க வினா. அதனோடு வேறு மூன்றினையும் சேர்த்தல் வேண்டும் என்பதே எமது கருத்து. எவர் கையால், என்ன கூலிக்கு, கட்டளையின் எந்த இடைவெளியில் அவர் தம்மை வெளிப்படுத்தினார்? இவ்வினாக்களோடு அணுகின், ஏற்றுமதிக் கலை சீரழிவு என்றோ மேலைச் சுவையின் எதிரொலி என்றோ ஒதுக்கத்தக்கதாய்த் தோன்றாது. அது ஒரு போராட்டத்தின் பதிவாகத் தோன்றும். அப்போராட்டத்திற் கைவினைஞர் பெரும்பாலும் தோற்றனர். எனினும் முற்றாகத் தோற்கவில்லை.

இவ்வினாக்கள் பழம்பொருளோடு முடிந்துவிடுவன அல்ல. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது முதல் ஐரோப்பிய, அமெரிக்கச் சந்தைகளுக்கான ஆடை தைத்தல் இந்நாட்டின் முதன்மையான ஏற்றுமதித் தொழில்களுள் ஒன்றாய் வளர்ந்துள்ளது. 2009இல் போர் முடிந்தபின் வட மாகாணத்திலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. போரில் உறவினரையும் தொழிலையும் இழந்த குடும்பங்களின் இளம் பெண்கள் அவற்றில் வேலைக்கமர்ந்தனர். கன்ரன் தையற்காரருக்குக் கழுகைச் சூழ்ந்த வெளியேனும் கிடைத்தது. கைப்பகுதியை ஒருவரும் கழுத்துப்பகுதியை வேறொருவருமாக, நாளொன்றுக்கு இத்தனை என்ற இலக்கோடு தைக்கும் பெண்ணுக்கு அவ்வெளியும் இல்லை. ஆடையின் கழுத்தில் நிறுவனத்தின் பெயரும் நாட்டின் பெயரும் உண்டு. பழைய அருங்காட்சியக அட்டையில் ‘சீனம்’ என்று நின்ற சொல்லின் இடத்தில் இன்று ‘இலங்கை’ நிற்கின்றது.

பழம்பட்டின் அழகில் மயங்குவோர் இன்றைய தையலறையை அழகியலுக்குப் புறம்பானதாகக் கருதுவர். தையலறையைப் பற்றிப் பேசுவோர் பழம்பட்டைச் செல்வர் பொழுதுபோக்கென விலக்குவர். இரண்டும் ஒரே வரலாறு என்பதை நிறுவுதல் பல்கலைக்கழக ஆய்வின் கடமை. எமது மாணவர் செய்யத்தக்க பணிகள் பல உள. மன்னார்க் கரைச் சாயவேர்த் தொழிலையும் அதனைச் செய்தோரின் நிலையையும் ஆவணங்களிலிருந்து எழுதுதல் ஒன்று. ஆலயங்களிற் பேணப்படும் பழைய பூசையுடுப்புகளையும் உருவங்களின் ஆடைகளையும், அவற்றின் துணி, இழை, தையல் முறை ஆகியவற்றோடு பட்டியலிடுதல் மற்றொன்று. வலை பின்னல், ஓலைப் பின்னல், தையல் ஆகியவற்றை அறிந்த முதியோரிடம் அத்தொழில்களின் சொற்களைக் கேட்டுப் பதிதல் பிறிதொன்று. அவ்வாறு பதியும்போது கேர்தூவின் கடிதத்தில் நேர்ந்தது மீண்டும் நேராதிருத்தல் வேண்டும். சொன்னவர் விரும்பும்வரை, கேட்டவர் பெயருக்கு முன்னே சொன்னவர் பெயர் எழுதப்படுதல் வேண்டும்.